காட்ஸ்வொல்ட்ஸ் சர்ச் முற்றங்களில் உள்ள அந்தக் கல் பெட்டிகள்

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் காட்ஸ்வொல்ட்ஸ் பகுதிக்குப் போனால், கிராமத்து சர்ச்சைச் சுற்றிப் பெட்டி பெட்டியாகக் கல்லறைகள் நிற்கின்றன. இடுப்பு உயரம், சில அதற்கும் மேல். பூமாலை, மண்டை ஓடு, சிறகு முளைத்த குழந்தை முகம் என்று உடம்பெல்லாம் செதுக்கல். உடல் அந்தப் பெட்டிக்குள்ளேயா இருக்கிறது? இவ்வளவு செலவு செய்தவர்கள் பிரபுக்களா? யார் செதுக்கினார்கள்? இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பெட்டிக்குள் உடல் இல்லை. அது தரைக்குக் கீழே, மண்குழியிலோ செங்கல் கட்டிய நிலவறையிலோ இருக்கிறது. மேலே தெரிவது கல்லால் ஆன கூடு மட்டும். ஒரு அடிப்பீடம், அதன்மேல் நான்கு பக்கமும் நிறுத்திய பலகைக் கற்கள், மூலைகளில் சிறு தூண்கள், எல்லாவற்றுக்கும் மேலே கனத்த மூடுகல் ஒன்று. உள்ளே காலியாக இருக்கும், அல்லது செங்கல்லும் உடைகல்லும் போட்டு நிரப்பியிருப்பார்கள். கற்கள் விலகாமல் இருக்க இரும்புக் கவ்விகள் வைத்து, அவற்றைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். இந்த இரும்பை நினைவில் வையுங்கள். இன்றைய சிக்கல்களில் பாதி அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரபுக்களா என்றால், இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கல்லறைகளின் பெருமையே அதில்தான் இருக்கிறது. நிலப்பிரபுக்கள் சர்ச்சுக்கு உள்ளே, பலிபீடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்கள். பர்ஃபோர்டு என்ற காட்ஸ்வொல்ட்ஸ் ஊருக்குக் கிழக்கே ஸ்வின்புரூக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் சர்ச்சுக்குள் ஃபெட்டிபிளேஸ் குடும்பத்து ஆண்கள் ஆறு பேர், மும்மூன்று பேராக, அலமாரித் தட்டில் வைத்ததுபோல் ஒருவர்மேல் ஒருவராக முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். எல்லாமே கல். அது உள்ளே இருப்பவர்களின் உலகம். வெளியே புல்தரையில் இருப்பவர்கள் வேறு ஆட்கள்: துணி வணிகர்கள், ஆலை வைத்திருந்தவர்கள், சொந்த நிலம் வைத்திருந்த விவசாயிகள், ரொட்டி சுட்டவர்கள், கல்தச்சர்கள்.

17ஆம் நூற்றாண்டுக்கு முன்பு இப்படிப்பட்டவர்களுக்கு நிலையான கல்லறைக் கல் என்பது அபூர்வம். மரப் பலகையோ சிலுவையோ நட்டிருப்பார்கள், அது சில பத்தாண்டுகளில் மக்கிப் போயிருக்கும். பிறகு நடுத்தர மக்கள் கையில் பணம் புரள ஆரம்பித்தது. உள்ளே இடமில்லை, இருந்தாலும் கிடைக்காது. அதனால் வெளியே கட்டினார்கள். இந்த ஊர்களில் அந்தப் பணம் ஆட்டு ரோமத்திலிருந்து வந்தது. குளூஸ்டர்ஷயரில் பெயின்ஸ்விக், ஸ்ட்ரவுட் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஓடைகள் வேகமாக இறங்குகின்றன. அந்தத் தண்ணீரின் விசையில் சக்கரம் சுழன்று, சக்கரம் மரச் சம்மட்டிகளைத் தூக்கிப் போட்டு, நெய்த கம்பளித் துணியை அடித்து இறுக்கியது. ஸ்ட்ரவுட் பகுதியின் சிவப்புத் துணி ராணுவச் சீருடைக்குப் பேர்போனது. கிழக்கிந்தியக் கம்பெனியும் இங்கே துணி வாங்கி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் ஏற்றியது. பெயின்ஸ்விக் முற்றத்தில் பெயர்களுக்குப் பக்கத்தில் துணி வணிகர் என்று தொழிலையும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். தொழிலைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை இருந்தது.

கம்பளி வியாபாரத்தின் பிடி சவப்பெட்டி வரைக்கும் நீண்டிருந்தது. 1666இல் தொடங்கி, பிறகு 1678இல் கடுமையாக்கி, நாடாளுமன்றம் சட்டம் போட்டது: இறந்தவரை இங்கிலாந்துக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும், லினன் கூடாது. கொள்ளை நோயில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கம்பளியில்தான் புதைத்தோம் என்று உறவினர் எட்டு நாளுக்குள் சத்தியப் பிரமாணம் தர வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம். அதில் பாதி, துப்புக் கொடுத்தவருக்கு. வசதியுள்ள குடும்பங்கள் லினனில் புதைத்துவிட்டு, தங்கள் ஆள் ஒருவரையே துப்புக் கொடுக்கச் சொல்லிப் பாதிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்டு. சட்டம் 1814இல்தான் நீக்கப்பட்டது, ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சரி, பணம் இருந்தால் மட்டும் இப்படிச் செதுக்கிவிட முடியாது. கல் வேண்டும். காட்ஸ்வொல்ட்ஸ் மலைத்தொடர் முழுக்கவே சுண்ணாம்புக்கல், சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. மீன் முட்டை அளவு உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்த கல். அதில் அடுக்கு, இழை என்று ஒரு திசை இல்லாததால் எந்தப் பக்கமாகவும் உளி ஓடும். வெட்டியெடுத்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும், அப்போது மரத்தை இழைப்பது மாதிரி இழைக்கலாம். ஈரம் காய்ந்த பிறகு மேற்பரப்பு இறுகிவிடும். பெயின்ஸ்விக்கில் ஊருக்கு மேலே உள்ள குன்றிலேயே கல் கிடைத்தது, வெளிர் நிறம், நுண்ணிய மணி. கல்லறை செய்கிறவர் கல்லுக்காக வண்டி கட்டிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே காலத்தில் லெஸ்டர்ஷயரில் ஸ்விட்லாண்ட் ஸ்லேட்டில் செய்தார்கள். ஸ்லேட்டில் எழுத்து நேற்றுப் பொறித்தது போல இன்றும் கூர்மையாக இருக்கிறது, ஆனால் தகடு தகடாகப் பிரியும் கல் அது, அதில் ஆழமாகக் குடைந்து பூமாலை தொங்கவிட முடியாது. ஆகவே அங்கே அழகு எழுத்தில், இங்கே அழகு உருவத்தில்.

அப்புறம் கை. இங்கேதான் கதை எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது. 1666இல் லண்டன் எரிந்தது. நகரத்துக்குள் வெளியூர்க் கல்தச்சர்கள் வேலை செய்ய அதுவரை லண்டன் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாடு இருந்தது. மீண்டும் கட்ட ஆள் போதாததால் 1667இல் சட்டம் அதைத் தளர்த்தியது. காட்ஸ்வொல்ட்ஸ் கல்தச்சர்கள் கிளம்பிப் போனார்கள். பர்ஃபோர்டுக்குப் பக்கத்து டேய்ன்டன், பாரிங்டன் பகுதியில் கல்குவாரி நடத்திய ஸ்ட்ராங் குடும்பத்தின் தாமஸ் ஸ்ட்ராங், 1675இல் செயின்ட் பால்ஸ் கதீட்ரல் வேலை தொடங்கியபோது முக்கிய ஒப்பந்தக்காரர். 1681இல் அவர் இறந்ததும் தம்பி எட்வர்ட் வேலையைத் தொடர்ந்தார். பர்ஃபோர்டு குவாரிக்காரர் கிறிஸ்டோபர் கெம்ப்ஸ்டர், செயின்ட் பால்ஸை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்னின் நம்பிக்கைக்குரிய மேஸ்திரி. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள டாம் டவர் கெம்ப்ஸ்டர் கட்டியது. இவர்களிடம் வேலை பார்த்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பக்கத்து ஊர்க்காரர்களும் அலங்காரம் மிகுந்த பரோக் பாணியைத் தங்கள் கையால் செய்து பழகினார்கள். சுருள் தாங்கிகள், பழக்கொத்து, அகாந்தஸ் இலை எல்லாம் இப்படித்தான் குக்கிராமத்துப் புல்தரைக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் வந்து சேர்ந்தது அப்படியே தங்கவில்லை. லண்டனில் இலக்கணம் பார்க்க ஆள் உண்டு. கிராமத்தில் கல்தச்சர் தன் விருப்பத்துக்குச் சுருளைப் பெரிதாக்கினார், குழந்தை முகத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கொடுத்தார், தூணுக்கு இருக்க வேண்டிய விகிதத்தை விட்டுவிட்டார். அந்தத் தளர்ச்சியில்தான் உயிர் இருக்கிறது. சர்ச்சுக்கு உள்ளே உள்ள பளிங்கு நினைவுச் சின்னங்கள் பலவற்றைவிட வெளியே உள்ளவை எனக்கு மேலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்காது. கையெழுத்து இடும் வழக்கம் குறைவு. பெயின்ஸ்விக் இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்த ஊர். அங்கே பிரையன் குடும்பம் தலைமுறையாகச் செதுக்கியது. ஜோசப் பிரையன், அவர் மகன் ஜான் பிரையன் என்று பெயர்கள் தெரியும். 1787இல் இறந்த ஜானின் சொந்தக் கல்லறை அதே முற்றத்தில் பிரமிட் வடிவத்தில் நிற்கிறது. மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சுருளும் பூமாலையும் செதுக்கியவருக்கு வழவழப்பான நான்கு சரிவுகள் மட்டும்! அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

இப்போது எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். எல்லோரும் முதலில் பெயரையும் ஆண்டையும் படிக்கக் குனிவார்கள். என் யோசனை, எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பெட்டியின் குறுகிய இரு முனைகளுக்குப் போங்கள். நீண்ட பக்கங்களில் பெரும்பாலும் வாசகத்துக்கான பலகை இருக்கும். கல்தச்சருக்குச் சுதந்திரம் கிடைத்தது முனைகளில்தான். அங்கே இரண்டு பக்கமும் யாழின் கைகள்போல் வளைந்து வெளியே புடைத்து நிற்கும் தாங்கிகளைக் காண்பீர்கள். இந்தப் பகுதியின் தனி முத்திரை அது. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே ஒரு முகம், ஒரு சிப்பி, சில சமயம் ஒரு மண்டை ஓடு.

பெயின்ஸ்விக்கில் வடிவங்களும் பல. பெட்டி வகை போக, உயரமான பீடம்போல் நிற்பவை உண்டு. வட்டம், அறுகோணம், சதுரம் என்று பல உருவங்களில், மேலே குவிந்த மூடியோடு. ஊர்க்காரர்கள் அவற்றைத் தேயிலைப் பெட்டிக் கல்லறை என்கிறார்கள். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் தேயிலையைப் பூட்டி வைத்த சிறு பெட்டிகளின் சாயல் அப்படியே இருக்கிறது. கல் மிருதுவானது என்று தெரிந்ததால் வாசகத்தைத் தனியே உலோகத் தகட்டில் பொறித்துக் கல்லில் பதித்ததும் இங்கே நிறைய உண்டு. கல்லெழுத்து கரைந்த இடத்திலும் தகடு படிக்கும்படி இருக்கிறது, அந்த எழுத்தின் வளைவுகளும் பார்க்கத் தகுந்தவை. கத்தரித்து விட்ட யூ மரங்கள் நடுவே கல்லறைகள் நிற்கின்றன. மரங்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்டவை. எப்போது எண்ணினாலும் 99தான், நூறாவதைச் சாத்தான் வளர விடமாட்டான் என்று ஊரில் கதை. சுற்றுலாக் கையேடுகள் மரங்களைப் பற்றியே பேசுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மரம் அழகுதான், ஆனால் அந்த முற்றத்தின் செல்வம் கல்.

பர்ஃபோர்டு வேறு மாதிரி. அங்கே மூடுகல்லின்மேல் பாதி உருளை ஒன்றை நீளவாக்கில் படுக்க வைத்திருப்பார்கள். உருளை முழுக்க ஆழமான வரிகள், இரண்டு முனைகளிலும் சிப்பியோ மண்டை ஓடோ. இதைப் பொதி கல்லறை என்கிறார்கள்: கம்பளி வணிகர் என்பதால் கம்பளிப் பொதியைக் கல்லில் வடித்தார்கள், வரிகள் கயிற்றின் தடம் என்று விளக்கம். கேட்க இனிமையான விளக்கம், எல்லா வழிகாட்டிகளும் அதையே சொல்கிறார்கள். இன்னொரு விளக்கமும் இருக்கிறது. முன்பு சவப்பெட்டியின்மேல் வளைவான உலோகச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் துணி போர்த்தும் வழக்கம் இருந்தது. வாரிக் நகரத்து செயின்ட் மேரி சர்ச்சில் 15ஆம் நூற்றாண்டுப் பிரபு ரிச்சர்ட் பீச்சம்பின் சிலைக்கு மேல் அந்தச் சட்டம், வளைந்த கம்பிகளோடு, இன்றும் இருக்கிறது. பர்ஃபோர்டு உருளை அந்தச் சட்டமும் அதன்மேல் விழுந்த துணியின் மடிப்பும்தான் என்கிறார்கள் சிலர். நான் இந்தப் பக்கம்தான். பெரிய மனிதர்களின் சவச் சடங்கை வெளியே புதைக்கப்பட்டவர்கள் கல்லில் எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் காலத்தின் ஆசைகளோடு பொருந்துகிறது. கம்பளிப் பொதி என்ற விளக்கம், கம்பளியால் பிழைத்த ஊர் பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

ஆண்டு தெரியாவிட்டாலும் செதுக்கலை வைத்துக் காலத்தை ஓரளவு சொல்லலாம். மண்டை ஓடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம் என்றால் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியும் 18இன் தொடக்கமும். நீயும் சாவாய் என்று நேராக முகத்தில் சொல்லும் காலம். 18ஆம் நூற்றாண்டு நகர நகர மண்டை ஓட்டின் இடத்தைச் சிறகுள்ள குழந்தை முகம் பிடிக்கிறது: சாவிலிருந்து பேச்சு ஆன்மாவுக்கு மாறுகிறது. நூற்றாண்டின் கடைசியில் கிரேக்க பாணித் தாழி, அதன்மேல் போர்த்திய துணி, அழும் வில்லோ மரம். அப்போது பேச்சு இருப்பவர்களின் துக்கத்தைப் பற்றியதாகிவிட்டது. இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் வரும். ஒரே பெட்டியில் ஒரு முனையில் மண்டை ஓடும் மறுமுனையில் குழந்தை முகமும் இருப்பதுண்டு.

வாசகத்தைப் படிக்கும்போது சில இடங்களில் 1716/17 என்று இரட்டை ஆண்டு கண்ணில் படும். பிழையல்ல, குடும்பத்துக்குக் குழப்பமும் இல்லை. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி முதல் அந்தத் தேதி வரை இறந்தவர்களுக்குப் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் போட்டுவிடுவார்கள். வம்சாவளி தேடுகிறவர்கள் இதைத் தவறவிட்டு ஒரு வருடம் தள்ளிப் போய்விடுவது சாதாரணம்.

19ஆம் நூற்றாண்டில் நீராவியும் நிலக்கரியும் துணித் தொழிலை யார்க்ஷயருக்கு இழுத்துக்கொண்டன. காட்ஸ்வொல்ட்ஸ் ஓடைகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. பெட்டிக் கல்லறைக்குப் பணம் செலவழிக்க ஆள் குறைந்தது. ஊர் வறுமையில் உறைந்ததால்தான் பழையதை இடித்துவிட்டுப் புதியது கட்டவும் யாரும் வரவில்லை. நமக்கு இவ்வளவு மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிஞ்சியது எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் கவலை. உள்ளே உள்ள இரும்புக் கவ்வியில் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது, மூலையில் விரிசல் விடும், பிறகு பலகைக் கல் வெளியே சாயும். மூடுகல்லின் கனம் முழுக்க மீதிக் கற்கள்மேல் விழும், ஒருநாள் எல்லாம் சரியும். யூ மரத்தின் வேரும் ஐவி கொடியும் இதை வேகப்படுத்துகின்றன. குழந்தைகளை இந்தப் பெட்டிகள்மேல் ஏற விடாதீர்கள் என்று சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. பலகைக் கல் காலில் விழுந்தால் எலும்பு தேறாது.

நிலக்கரிப் புகைக் காலத்தின் அமில மழை இன்னொரு பக்கம் வேலை செய்திருக்கிறது. மழை நேராக அடிக்கும் இடத்தில் சுண்ணாம்பு கரைந்து முகங்களின் மூக்கும் கண்ணும் மழுங்கிவிட்டன. மழை படாத மறைவில் கரும்படலம் கட்டி, அது உரியும்போது செதுக்கலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறது. இதைவிட எனக்குக் கோபம் வருவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்களில். கம்பித் தூரிகையும் பிளீச்சும் போட்டுத் தேய்ப்பது. இணைப்புகளில் சிமெண்ட் பூசுவது: சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, கல் வழியாகவே அது வெளியேற வேண்டி வரும், கல் பொடிந்து போகும். இங்கே சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும். ஐவியை வேரோடு பிடுங்கி இழுப்பதும் தவறு, அடியில் வெட்டிவிட்டுத் தானாகக் காய விட வேண்டும்.

கல்மேல் மஞ்சளும் சாம்பலுமாகப் படர்ந்திருப்பது அழுக்கல்ல, கல்பாசி. நம் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் உறவினர்கள்தான். பிரிட்டனில் உள்ள சுமார் 2000 வகைகளில் 700க்கும் மேற்பட்டவை சர்ச் முற்றங்களில் பதிவாகியிருக்கின்றன. பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. 18ஆம் நூற்றாண்டுக் கல்லில் நீங்கள் பார்க்கும் வட்டம் ஒருவேளை அந்த நூற்றாண்டிலேயே தொடங்கியிருக்கலாம். சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். விட்டுவிடுவதே நல்லது.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் சிக்கல். நிலம் சர்ச்சுடையது, கல்லறைச் சின்னமோ சட்டப்படி அதை வைத்தவரின் வாரிசுகளுடையது. 1720இல் இறந்த துணி வணிகரின் வாரிசை இன்று எங்கே போய்த் தேடுவது? நடைமுறையில் சுமை அந்தந்த ஊர் சர்ச் குழுவின் தலையில் விழுகிறது. புதைப்பது நிறுத்தப்பட்டு முறைப்படி மூடிய முற்றம் என்றால், பராமரிப்பை உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. பாதுகாக்க வேண்டிய சின்னங்களின் அரசுப் பட்டியலில் இடம்பெற்ற கல்லறைகள் நிறைய, பெயின்ஸ்விக்கில் குறிப்பாக. பட்டியல் பாதுகாப்பு தருகிறது, பணம் தருவதில்லை. பழுது பார்க்க வேண்டுமென்றால் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், தகுந்த கல்தச்சரைப் பிடிக்க வேண்டும், துருவேறிய கவ்வியை எடுத்துத் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டும். ஒரே ஒரு பெட்டிக்கே இது சிறு சர்ச் குழுவின் சக்திக்கு மீறிய செலவு. அங்கே உண்டியலைப் பார்த்தால் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பெயின்ஸ்விக், ஸ்ட்ரவுடுக்கும் செல்டன்ஹாமுக்கும் இடையில் ஏ46 சாலையில் இருக்கிறது. பர்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செல்டன்ஹாம் போகும் ஏ40 சாலையில். கார் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். நேரம் இருந்தால் பர்ஃபோர்டுக்கு மேற்கே வின்ட்ரஷ் கிராமத்தையும், செவர்ன் ஆற்றுப் பக்கம் எல்மோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் கூட்டம் இருக்காது. கோடை நடுப்பகல் இதற்கு மோசமான நேரம், வெயில் உச்சியிலிருந்து விழுந்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். காலையோ சாயங்காலமோ, அதைவிட நல்லது குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும் நாள். வெயில் பக்கவாட்டில் படாத முனைகளுக்கு ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துப் போங்கள். தள்ளி நின்று அதை வைத்து ஒளியைக் கல்மேல் சாய்வாகத் திருப்பினால், மழுங்கிய எழுத்தும் முகமும் எழுந்து வரும். மாவு, சாக்பீஸ், ஷேவிங் நுரை என்று இணையத்தில் சொல்லும் எதையும் கல்மேல் பூசாதீர்கள்.